மருத்துவத்துக்குக் கீழே உள்ள வரி

யூன் 15
பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் வந்துவிட்டது. பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்துக் கடையில் தேவையான பக்கங்களை மட்டும் அச்சடித்தேன். எனக்கு முன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் நின்றார்கள். ஒருவரும் மற்றவரின் புள்ளியைக் கேட்கவில்லை.

யூன் 16
இரசாயனவியல். இரசாயனவியல்தான். ஒவ்வொரு பாடத்திலும் எல்லாரும் எடுத்த சராசரியிலிருந்து நாங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று, புள்ளிகள் பரவியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு, மூன்றின் சராசரியை எடுப்பதுதான் இசட் புள்ளி. உயிரியலில் ஏறி நின்ற என்னை அந்த ஒரு பாடம் இழுத்து விழுத்திவிட்டது. போன முறை யாழ் மாவட்டத்துக்கு மருத்துவத்துக்கு வந்த வெட்டுப்புள்ளியைவிட இரண்டாம் தசமத்தில் குறைகிறது. இந்த முறை எங்கே வரும்? சாப்பிடும்போதும் அந்தத் தசமம்தான்.

யூன் 17
அப்பப்பா அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

யூன் 19
விண்ணப்பத்தின் விருப்பப் பட்டியலில் மருத்துவ பீடங்களை மேலே போடுவது சரி. அதில் வீட்டில் இரண்டு கதை இல்லை. அதற்குக் கீழே உள்ள வரிதான் பிரச்சினை. கால்நடை மருத்துவமா, சித்த மருத்துவமா? கால்நடை என்றால் பேராதனை. சித்தம் என்றால் கைதடி. "கைதடி எண்டால் பின்னேரம் வந்திடுவாய்" என்று அம்மா சொல்கிறா. நேற்றும் அதையே சொன்னா.

போன மாரியில் எங்கள் பசு சிவப்பி கன்று போட முடியாமல் கிடந்த இரவு, டாக்குத்தர் உள்ளே கையை விட்டுக் கன்றைத் திருப்பியபோது டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது நான். என் கை நடுங்கவில்லை. கன்று மூச்சு விட்டதும்தான் அழுதேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மேலே போட்டதற்குப் புள்ளி காணுமென்றால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். அதனால்தான் அந்த ஒரு வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

யூன் 22
இன்றைக்கு அப்பப்பா நன்றாகக் கதைத்தார். 1971 தரப்படுத்தல். மருத்துவத்துக்குத் தமிழில் எழுதினவர்களுக்கு 400க்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதினவர்களுக்கு 229 போதும். "நான் 241, பிள்ளை" என்றார். பிறகு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காகவே இருந்து பென்சன் எடுத்தவர். மருந்துக் குளிசையின் பெயர்கூடச் சில நாள் மறந்துபோகிறது, அந்த மூன்று எண்களும் மறக்கவில்லை. நான் அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

யூன் 23
சோளகக் காற்று பிடித்து அடிக்கிறது. அச்சடித்த தாள்கள் முற்றம் முழுக்க.

யூன் 26
பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. மச்சாள் அங்கேதான். என்னைவிடக் குறைந்த புள்ளியோடு அவளுக்கு மெடிசின் கிடைக்கலாம். இரவு முழுக்க எனக்கு எரிச்சல். காலையில் அவளே போன் எடுத்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாய் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, சனிக்கிழமைகளில் ரியூசனுக்கு யாழ்ப்பாணம் வந்துதான் படித்தாள். அவளுக்குக் கிடைக்க வேண்டும். எனக்கும் கிடைக்க வேண்டும்.

யூன் 28
வரியை மாற்றினேன்.

யூன் 28, இரவு
திரும்ப மாற்றினேன்.

யூலை 1
அப்பப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம். அம்மா வாங்கில் இருந்தபடியே நித்திரை. ஏன் கைதடி, கைதடி என்று சொல்கிறா என்று இப்போதுதான் விளங்கியது. அவ கேட்பது என் படிப்பை இல்லை, வீட்டில் இன்னொரு ஆள்.

யூலை 3
அனுப்பிவிட்டேன். கால்நடை மேலே, சித்தம் கீழே. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அப்பப்பாவின் காதில் மட்டும் சொன்னேன். கண்ணைத் திறந்து, "பேராதனை குளிர், சுவெற்றர் வாங்கு" என்றார்.

யூலை 4
வார்ட் மாற்றிவிட்டார்களாம். கஞ்சி இறக்கி, கரியரோடு பன்னிரண்டு மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும்.