வளர்ற பிள்ளைன்னு பெரிய துப்பாக்கி வாங்காதீங்க

10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) ஸ்டேட் போட்டி ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. மகள் 611.3. தகுதி ஸ்கோரைத் தாண்டிவிட்டாள், அடுத்தது சவுத் ஜோன், அதாவது தென் மண்டலப் போட்டி. போன வருஷம் இதே போட்டியில் 584.2. நடுவில் கோச் மாறவில்லை, ரேஞ்ச் மாறவில்லை. எட்டாம் வகுப்பு டியூஷன் வந்ததில் பயிற்சி நேரம் குறைந்துதான் போனது. மாறியது துப்பாக்கி மட்டும்தான். அதுவும் விலை அதிகமானதிலிருந்து விலை குறைந்ததுக்கு மாறினோம்.

போன வருஷம் குறைந்த அந்த 27 பாயிண்ட் என் தலையில்தான் விடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்காமல் ஒரு பிளவுஸ்கூட வெட்டியது கிடையாது. ஆனால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று வந்தால் எந்த அம்மாவும் "வளர்ற பிள்ளைங்க, ரெண்டு இன்ச் சேர்த்து விடுங்க" என்பார்கள். நானும் உள்ளே தையல் விட்டு, கீழே மடித்து அடித்துக் கொடுப்பேன். அதே புத்தியோடு போய் மகளுக்கு ரைஃபிள் வாங்கினேன்.

அப்போது அவளுக்கு 11 வயது, எடை 31 கிலோ. கோடை முகாமில் கிளப் துப்பாக்கியில் ஓபன் சைட் சுட்டுப் பழகி, சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கிற பீப் சைட்டுக்கு மாறியிருந்தாள். கடலூரில் பிறந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்குக்குப் போன படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்த காலம். பழைய மேட்ச் ரைஃபிள் (போட்டித் துப்பாக்கி) ஒன்று விலைக்கு வந்தது. ஜெர்மன் துப்பாக்கி, பெரியவர்கள் சுடுவது. ஜூனியர் அளவில் வாங்கலாமா என்று கேட்டதற்கு விற்றவர் சிரித்தார். "அது ஒரு வருஷத்துல சின்னதாப் போயிரும் அக்கா. இதை வாங்கினா காலேஜ் வரைக்கும் கவலையில்லை." எனக்கு அது யூனிஃபார்ம் கணக்காகவே கேட்டது. குழுக்கடன் எடுத்து வாங்கிவிட்டேன்.

எடை 4.9 கிலோ. விதிப்படி 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. விதி துப்பாக்கிக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறது, தூக்குகிற பிள்ளையை அது பார்ப்பதில்லை.

போன வருஷப் போட்டியில் முதல் சீரீஸ் (பத்து ஷாட் ஒரு சீரீஸ்) 101.2. பின்னால் உட்கார்ந்திருந்த நான் கடவுளைக் கும்பிட்டுவிட்டேன். நாலாவது சீரீஸில் 96, கடைசியில் 93.6. 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம் போதாத பெண்ணில்லை அவள். அன்றைக்கு ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று தடவை தூக்கித் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினாள். கடைசி 4 நிமிஷத்தில் 9 ஷாட் பாக்கி. அவற்றை எப்படிச் சுட்டிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியே வந்தபோது வேறு கிளப்பில் இருந்து வந்திருந்த ஒரு பெரியவர், யாரென்றே தெரியாது, பக்கத்தில் வந்து கேட்டார். "பாப்பாவுக்கு முதுகு வலிக்குதுங்களா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு மாதமாக வலி. சொன்னால் ஷூட்டிங்கை நிறுத்திவிடுவேன் என்று பாட்டியிடம் மட்டும் சொல்லி, ராத்திரியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தப் பெரியவர்தான் ஒரு பரீட்சையைச் சொல்லித் தந்தார். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். பிள்ளைக்கு ஷூட்டிங்குக்கான கெட்டித் துணி ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். காலியான துப்பாக்கி, குண்டு போடும் சேம்பரில் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக், குழல் டார்கெட் பக்கம். நின்ற நிலையில் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். மூச்சை இரண்டு முறை இழுத்து விடட்டும். பிறகு கண்ணைத் திறக்கட்டும். திறந்ததும் பீப் துளை கண்ணுக்கு நேராக இருக்கிறதா, அல்லது தேடிப்போக வேண்டியிருக்கிறதா? அவ்வளவுதான் பரீட்சை.

என் மகள் கண் திறந்தபோது கழுத்து கொக்கு மாதிரி முன்னால் நீண்டிருந்தது. இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்காராமல் காற்றில் தொங்கியது. முன்பாரத்தைச் சமாளிக்க இடுப்புக்கு மேலே உடம்பு மொத்தமும் பின்னால் வளைந்திருந்தது. "எலும்பு தாங்கணும் அம்மணி, சதை தாங்குனா இருபது ஷாட்டுதான்" என்றார் அவர். கைப்பையில் எப்போதும் இன்ச் டேப் இருக்கும், எடுத்து அளந்தேன். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை 11 இன்ச். தோளில் பதிகிற பட் பிளேட்டை முழுக்க உள்ளே தள்ளியும் அங்கிருந்து ட்ரிகர் வரை 12¾. ஒன்றே முக்கால் இன்ச் வித்தியாசம். பிளவுஸில் அரை இன்ச் தப்பினாலே துணிக்காசு என் கையைவிட்டுப் போகும். இதை ஒரு வருஷம் பிள்ளை தோளில் போட்டுவிட்டு, "கவனமாச் சுடு, கவனமாச் சுடு" என்று கத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

டார்கெட்டின் 10 வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி, குண்டூசித் தலையைவிடச் சின்னது. டெசிமல் ஸ்கோரில் ஒவ்வொரு 0.1-ம் கால் மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் விளையாடுகிற பிள்ளையிடம் ஒன்றே முக்கால் இன்ச்சைக் கொடுத்து வைத்திருந்தோம்.

போட்டி முடிந்த மறுவாரம் கிளப்பில் இருந்த ஜூனியர் ரைஃபிளை வாடகைக்கு எடுத்தோம், மூன்று மாதம் கழித்துச் சொந்தமாக ஒன்று. 3.7 கிலோ. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் மூன்றிலுமே ஜூனியர் அளவு உண்டு. நான் வாங்கினது எது என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால் அளவு பார்க்காமல் அதையே தேடுவீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு, வரிசையெல்லாம் இல்லை, ஞாபகம் வருகிறபடி:

- முதல் ஆறு மாதம் வாங்கவே வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கி போதும். பிள்ளைக்கு ஆசை நிற்கிறதா என்றும் தெரியும்.

- அளவு பார்க்கும்போது ஜாக்கெட் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கெட்டித் துணியே தோளில் இடத்தை அடைத்துக்கொள்ளும். வெறும் டிஷர்ட்டில் சரியாக இருப்பது ஜாக்கெட்டில் நீளமாகிவிடும்.

- எடை: பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும் என்பது எங்கள் கோச் கணக்கு. சைட், காற்றுச் சிலிண்டர் எல்லாம் மாட்டி எடை போடுங்கள். பிறகு வெயிட் சேர்த்துக்கொள்ளலாம், குறைக்க முடியாது.

- பட் பிளேட் மட்டும் நகர்ந்தால் போதாது. கன்னம் சாய்கிற சீக் பீஸ் ஏறி இறங்க வேண்டும். பிடிக்குள் சின்னக் கை போய் விரல் நுனி ட்ரிகரில் நேராக விழ வேண்டும்.

- எந்தக் கண் ஆளும் கண் (குறி பார்க்கத் தானாக முந்துகிற கண்) என்று முதலில் பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்ன ஓட்டை விட்டு தூரத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால் தெரிந்துவிடும். வலது கை, இடது கண் பிள்ளைகள் நிறைய. எங்கள் ரேஞ்சில் ஒரு பையனுக்கு வலது கைத் துப்பாக்கியை வாங்கியபிறகுதான் கண்டுபிடித்தார்கள். இப்போது ஒரு கண்ணை மறைக்கும் ப்ளைண்டர் மாட்டிச் சமாளிக்கிறான்.

- பழையது வாங்கினால் முதலில் சிலிண்டரில் குத்தியிருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து வருஷம்தான் ஆயுள். நான் வாங்கியதில் ஒன்பது முடிந்திருந்தது. விற்றவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. உள்ளே 200 பார் அழுத்தத்தில் காற்று, விளையாட்டில்லை. தேதி முடிந்ததை எங்கள் ரேஞ்சில் நிரப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள், அது சரிதான். புதுச் சிலிண்டர் தனிச் செலவு.

- வேகத்தைச் சொல்லி விற்கிற கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். .177 (4.5 மில்லிமீட்டர்) குழல் அளவில் 20 ஜூல் வரை லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அதை ஒட்டிய ஸ்பிரிங் துப்பாக்கிகளைப் பெருமையாகக் காட்டுவார்கள். மேட்ச் ரைஃபிளின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் சொச்சம், சக்தி 7.5 ஜூல் பக்கம். 10 மீட்டரில் காகிதத்தில் வட்டமாக ஓட்டை போட அது போதும்.

- ஸ்பிரிங் துப்பாக்கியில் ஆரம்பித்தால்தான் பிடி திடமாகும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. சுடும்போது முன்னும் பின்னும் உதறும், பிடியைக் கொஞ்சம் மாற்றினாலும் குறி மாறும். தப்பு பிள்ளையுடையதா துப்பாக்கியுடையதா என்று யாருக்கும் தெரியாது. குழலை மடக்கி லோடு செய்ய 10 வயதுக்குப் பலமும் போதாது, கை நழுவினால் விரல் போகும்.

- பெல்லட்டுக்கு (சுடுகிற சின்னக் குண்டு) முதல் வருஷம் மண்டையை உடைக்காதீர்கள். 4.49 மில்லிமீட்டரா 4.50-ஆ என்கிற பேச்சு ஸ்கோர் 600-க்கு மேல் போனபிறகு.

- மிச்சமாகும் காசை ஜாக்கெட், பேன்ட், ஷூவில் போடுங்கள். ஜாக்கெட்டை மட்டும் தயவுசெய்து பெரிதாக வாங்காதீர்கள். பெரிதானால் உள்ளே உடம்பு ஆடும். இதை ஒரு தையல்காரி சொல்கிறேன், அதை என்னாலும் பிடித்துத் தர முடியாது.

- வீட்டில் டிரை ஃபயர் (குண்டில்லாமல் சுட்டுப் பழகுவது) மட்டும், வெறும் சுவரைப் பார்த்து, பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது. பெல்லட் டப்பா ஒரு பீரோ, துப்பாக்கி ஒரு பீரோ. சாவி என் தாலிக்கயிற்றில்.

இந்த வருஷம் கடைசி சீரீஸ் 101.9. முதல் சீரீஸைவிட அதிகம். 11 நிமிஷம் மிச்சம் வைத்து முடித்தாள். வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "அம்மா, புரோட்டா வாங்கித் தருவியா?"

பழைய துப்பாக்கியை விற்கப் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பவானியிலிருந்து ஒரு அப்பா, 10 வயதுப் பையனோடு வந்தார். 20 ஆயிரம் அட்வான்ஸ் சட்டைப் பையில். பையனுக்கு மகளின் பழைய ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன். திறந்தபோது பீப் துளை அவன் நெற்றிக்கு நேராக இருந்தது.

"வேண்டாங்க" என்றேன். அவர் விடவில்லை. "வளர்ற பையன்தானுங்களே அக்கா, ரெண்டு வருஷத்துல சரியாப் போயிரும்." உள்ளே இருந்து வீட்டுக்காரர் என்னை முறைப்பது தெரிந்தது. குழுக்கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.

"அப்ப எனக்கு எதுங்க அத்தை?" என்றான் பையன்.

மேசையில் ஆர்டர் நோட்டு கிடந்தது. அவனை நிமிர்ந்து நிற்கவைத்து, டேப்பை எடுத்து, ஒரு சுடிதார் அளவுக்குக் கீழே எழுதினேன்: முழங்கை முதல் விரல் வரை 10¼, எடை கேட்கணும். அந்தத் தாளைக் கிழித்து அவன் அப்பா கையில் கொடுத்து, கிளப் கோச் நம்பரையும் சொல்லி அனுப்பினேன்.