வலிக்காத நெறி

தலை பின்னும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. மகளுக்கு ஏழு வயது. வலது காதுக்குக் கீழே, கழுத்தில், நெல்லிக்காய் அளவு கட்டி. "பேன் பார்க்காம விட்டா நெறி கட்டத்தான் செய்யும்" என்றார் மாமியார். முழுக்கத் தப்பில்லை, தலையில் புண், தொண்டைப்புண், சொத்தைப் பல் எது இருந்தாலும் கழுத்தில் நெறி கட்டும் என்று டாக்டரும் சொல்லி, ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்.

குறையவில்லை. அழுத்தினாலும் அவள் முகம் சுளிக்காததால் நாங்களும் விட்டுவிட்டோம். பரீட்சை நேரம் வேறு. ஆறாவது வாரம் பக்கத்தில் இன்னும் இரண்டு முளைத்து, மூன்றும் கொத்தாக ஒட்டிக்கொண்டன.

வேறொரு குழந்தை மருத்துவர் "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன், ஏதோ நல்ல செய்தி மாதிரி. சளி காய்ச்சலில் சட்டென்று வீங்குவதுதான் பெரும்பாலும் வலிக்கும். வலிக்காமல் வாரக்கணக்கில் வளர்வதைத்தான் விடக்கூடாது என்றார். காசநோயாக இருக்கலாம், புற்றுநோய் இல்லை என்றும் பார்த்துவிடணும். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். காசநோய்க் கிருமிக்கான சோதனையாகக் கையில் மாண்டூ ஊசி போட்டு மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். சிவப்பை அளப்பார்கள் என்று நினைத்தேன். விரலால் தடவி, தடிப்பை மட்டும் அளந்தார்கள். 10 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ், இவளுக்கு 16. கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் அது சொல்லும். கட்டிக்குக் காரணம் தெரிய அதில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அங்கேதான் சொதப்பல். தனியார் லேபில் எடுத்ததையெல்லாம் கண்ணாடித் தகட்டில் தடவிவிட்டார்கள். காசநோய் போலத் தெரிகிறது என்று ரிப்போர்ட். மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று காட்டும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு குத்து. அங்கே பாதியைத் தனிக் குப்பியில் சலைனில் போட்டார்கள். முதலிலேயே கேட்டிருந்தால் பிள்ளை ஒரு குத்தோடு தப்பித்திருப்பாள்.

காசநோய்தான். மருந்துக்குக் கட்டுப்படும் ரகம். எடை பார்த்து ஆறு மாத மாத்திரை, இலவசம். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். கழுத்து நெறியில் மட்டும் இருப்பது இருமலில் பரவாது என்று டீச்சரிடம் நான் போய் விளக்க வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சோதனை எடுத்தார்கள். இரண்டாம் மாதம் கட்டி இன்னும் பெரிதானபோது பதறி ஓடினோம். மருந்து வேலை செய்யும்போதே சிலருக்கு அப்படி வீங்குமாம், நிறுத்தக் கூடாதாம்.

"கண்டமாலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே" என்றார் மாமியார், கழுத்து நெறியில் வரும் காசநோயின் பழைய பெயரைச் சொல்லி. ஆனாலும் பேன் சீப்பை இன்னும் விடவில்லை.