பங்காளி ரத்தம்

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அண்ணனுக்கும் எனக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா விட்டுப்போன பொதுக் கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் தொடங்கி வக்கீல் வீடு வரை போன சண்டை. அதனால் அவருக்குக் காய்ச்சல் என்பதே எனக்கு டீக்கடையில்தான் தெரிந்தது.

தட்டணு குறைந்திருக்கிறது, டெங்கு என்று ஒரு கிளினிக்கில் பத்து நாள் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், தொடையெல்லாம் நீலத் திட்டு. இன்னொரு டாக்டர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ஏஎம்எல். ரத்தப் புற்றுநோயில் வேகமாகப் போகிற வகை.

முதல் கீமோ ஒரு மாதம் ஆஸ்பத்திரியில். சைட்டரபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள். அங்கே எல்லாரும் அதை ‘ஏழும் மூன்றும்’ என்றுதான் சொல்வார்கள். பத்து யூனிட்டுக்கு மேல் தட்டணு ஏற்ற வேண்டியிருந்தது. அம்மா அழுத அழுகையில் நானும் கிளம்பிப் போய் ரத்தம் கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேசாத தம்பி என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்போல என்று எனக்குச் சுருக்கென்றது. விஷயம் வேறு. பின்னாளில் ஸ்டெம் செல், அதாவது ரத்த அணுக்களை உண்டாக்குகிற மூல அணு, கொடுக்க வாய்ப்புள்ள சொந்தக்காரர்களின் ரத்தம் முன்கூட்டியே உடம்புக்குள் போனால், அந்த உடம்பு அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். அப்புறம் மாற்றும்போது ஏற்காமல் போகலாம். இந்த நிலைமையில் இருக்கிற குடும்பங்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற பையன்கள்தான் முறை வைத்து வந்து கொடுத்தார்கள்.

கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் அண்ணனின் புற்றணுக்களில் ஃப்ளிட்-3 என்ற மரபணுவில் கோளாறு இருந்தது. “கீமோவோட விட்டா திரும்பி வர வாய்ப்பு ஜாஸ்தி. வேற ஆளோட ஸ்டெம் செல் வைக்கணும். கூடப் பொறந்தவங்க யார் இருக்கா?” என்றார் டாக்டர்.

அக்கா ஒன்று, நான் ஒன்று. எச்எல்ஏ என்று ஒரு பொருத்தம் பார்க்கிறார்கள், அணுக்களின் மேலிருக்கிற அடையாளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வருவதால் ஓர் உடன்பிறப்பு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். எங்கள் அதிர்ஷ்டம், இரண்டு பேருமே பொருந்தினோம். இத்தனைக்கும் அண்ணன் பி பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். ரத்த வகை ஒத்துப்போக வேண்டும் என்பது கட்டாயமில்லையாம். அதைச் சமாளித்துக்கொள்வார்களாம்.

இரண்டு பேரில் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம் சுவாரசியமானது. அக்கா மூன்று பிள்ளை பெற்றவர். கர்ப்பத்தின்போது அம்மாவின் எதிர்ப்பு அணுக்கள் பிள்ளையின் அணுக்களை அந்நியம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளக்கூடும். ஆண் பிள்ளை சுமந்தவருடைய அணுக்களை ஓர் ஆணுக்கு வைத்தால், அவை அவன் உடம்போடு சண்டை போடுவதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். இதைக் கேட்டதும் அம்மா, “அவன்கூடச் சண்டை போடாத ஆளாப் பாத்து எடுத்தா, கடைசில நீதானாடா கெடச்ச?” என்றார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நோய் வந்து மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஊரில் எல்லாரும் முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், நடக்க முடியாமல் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். என் வீட்டுக்காரி இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை. இது சுத்தமாகத் தவறு. தண்டுவடம் வேறு, எலும்பு மஜ்ஜை வேறு. மஜ்ஜையை நேரடியாக எடுத்தாலும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்பார்கள். எனக்கு அதுகூட இல்லை, கை நரம்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

மஜ்ஜைக்குள் இருக்கிற ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு விரட்டிக்கொண்டு வர ஃபில்கிராஸ்டிம் என்று ஓர் ஊசி. இன்சுலின் ஊசி மாதிரி வயிற்றுத் தோலுக்கடியில், ஐந்து நாள். இரண்டாம் நாளே இடுப்பும் நெஞ்செலும்பும் உள்ளுக்குள்ளிருந்து குடைய ஆரம்பித்தன. வைரல் காய்ச்சலுக்கு முதல் நாள் வருமே, அந்த உளைச்சலைப் போல மூன்று மடங்கு. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். என் வெள்ளணு எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. சாதாரணமாகப் பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியது.

ஐந்தாம் நாள் மெஷினில் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போகும். மெஷின் அதைச் சுழற்றி, வேண்டிய அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை இன்னொரு கை வழியாகத் திருப்பி அனுப்பும். நாலரை மணி நேரம். கையை மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால் நர்ஸம்மாதான் சொறிந்துவிட வேண்டும். மூன்று முறை கேட்ட பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற மருந்து உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடு மரத்துப்போய் எறும்பு ஊர்வது போலிருந்தது. கால்சியம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. கடைசியில் பையில் சேர்ந்தது அரைப் படிகூட இருக்காது. தக்காளி ரசத்தின் நிறம். அண்ணனின் எடையில் ஒரு கிலோவுக்கு அறுபது லட்சம் ஸ்டெம் செல் தேறியிருக்கிறது, போதும் என்று சாயங்காலம் சொன்னார்கள். என் பங்கு அவ்வளவுதான். மறுவாரம் நான் மார்க்கெட்டில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பாடுதான் பாடு. நான் ஊசி போட்டுக்கொண்ட அதே வாரம் அவருக்கு ஃப்ளூடரபைன், புசல்ஃபான் என்று கடுமையான மருந்துகள். இருக்கிற மஜ்ஜையை ஒட்ட அழிப்பதற்கு. அங்கே நாளை மைனஸ் ஆறு, மைனஸ் ஐந்து என்று எண்ணுகிறார்கள். செல் ஏறுகிற நாள் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தன்று ஏதோ பெரிய ஆபரேஷன் என்று வாசலில் சொந்தக்காரர்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள். சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது போல ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் போனில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, “இவ்வளவுதானாடா?”

அப்புறம் காத்திருப்பு. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவே அழுதார். வெள்ளணு நூறுக்குக் கீழே போய் அங்கேயே நின்றது. பதினான்காம் நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை ஐந்நூறைத் தாண்டியது. அடுத்த இரண்டு நாளும் தாண்டியே இருந்ததும், ‘பிடித்துவிட்டது’ என்றார்கள். நாற்று வேர் பிடிப்பதற்கு நாங்கள் சொல்கிற அதே சொல். முப்பதாம் நாள் டிஎன்ஏ பார்த்ததில் அவர் ரத்தத்தில் 98 சதவீதம் என்னுடையது.

முப்பத்தெட்டாம் நாள் உள்ளங்கையெல்லாம் சிவந்து எரிந்தது. அடுத்து வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை. ஜிவிஎச்டி என்றார்கள். என்னிடமிருந்து போன அணுக்கள் அண்ணனின் தோலையும் குடலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்குகின்றன. அதை அடக்கத்தான் சைக்ளோஸ்போரின் கொடுக்கிறார்கள். அதையும் மீறி வந்துவிட்டது. அந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. பங்காளிச் சண்டையைக் கோர்ட்டில் போட்டது போதாதென்று அவர் உடம்புக்குள்ளும் கொண்டுபோய் விட்டுவிட்டேனே என்று.

மறுநாள் இதை அந்த வார்டு ஜூனியர் டாக்டரிடம் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நின்று, பத்து நிமிடம் ஒதுக்கிச் சொன்னார். 1957இல் அமெரிக்காவில் டோனல் தாமஸ் என்பவர் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றிய முடிவுகளை வெளியிட்டார். ஒருவரும் நூறு நாள் தாண்டவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை, 1990இல் நோபல் பரிசு வாங்கினார். தொடக்க காலத்தில் எல்லாரும் நினைத்தது, மருந்தும் கதிர்வீச்சும் புற்றை அழிக்கும், புது மஜ்ஜை காலி இடத்தை நிரப்பும், அவ்வளவுதான் அதன் வேலை என்று. அது சரியென்றால், அச்சு அசலாக ஒத்துப்போகிற இரட்டையர்தான் சிறந்த டோனராக இருக்க வேண்டும். ஆனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அலசி 1990இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே மாதிரி இரட்டையரிடம் வாங்கியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியிருந்தது. ஜிவிஎச்டி வந்தவர்களுக்குக் குறைவாகத் திரும்பியிருந்தது. அதாவது டோனரின் அணு அந்த உடம்பை வேற்றாளாகப் பார்க்கிறதே, அந்தப் பார்வைதான் ஒளிந்திருக்கிற புற்றணுவையும் தேடிக் கொல்கிறது. “உங்க செல் கொஞ்சமாவது சண்டை போடணும் சார். அளவா போடணும். அந்த அளவைப் பிடிக்கத்தான் உலகம் பூரா ஆராய்ச்சி பண்றாங்க” என்றார்.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்கள், செல் ஏற்றிய மூன்றாம் நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்ஃபமைடு கொடுத்து, கோபமாகக் கிளம்புகிற அணுக்களை மட்டும் பெரும்பாலும் அழிக்கிற வழியைக் கண்டுபிடித்ததையும் அவர்தான் சொன்னார். அதனால் இப்போது பாதிப் பொருத்தம் இருந்தாலே அப்பா, அம்மா, பிள்ளைகள்கூடக் கொடுக்க முடிகிறது. பக்கத்து அறையில் இருந்த பெண்ணுக்கு அவருடைய மகன்தான் டோனர்.

அண்ணனுக்கு ஸ்டீராய்டு கொடுத்து இரண்டு வாரத்தில் வயிறு அடங்கியது. செலவு எங்களுக்குப் பதினைந்து லட்சம் தாண்டியது. மேல்வயலை அடகு வைத்தோம். அதைப் பற்றி எழுதினால் தனிக் கதை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருடம் மண்ணைத் தொடக் கூடாது என்று சொன்னார்கள். மண்ணிலும் வைக்கோலிலும் இருக்கிற பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. விவசாயியிடம் இதைச் சொன்னால் எப்படியிருக்கும்? திண்ணையில் மாஸ்க்கோடு உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் காய் எப்படி, பூ எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பார். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளெல்லாம் வீணாகிவிட்டதால் கைக்குழந்தைக்குப் போடுவது போல ஒன்றொன்றாக மறுபடி போட்டார்கள். ரத்த வகையும் ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டது. லைசென்ஸில் இன்னும் பி என்றுதான் இருக்கிறது.

அந்த வருடம் முழுக்க அவர் தோட்டத்துக்கும் நானே தண்ணீர் பாய்ச்சினேன். கிணறு ஒன்றுதானே, என் நாளில் என் வயலுக்கு, அவர் நாளில் அவர் வயலுக்கு. போன மாசிக்கு டாக்டர் வயலில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். பழக்க தோஷத்தில் நான் விடியற்காலை மோட்டார் ரூமுக்குப் போனால், கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஸ்டார்ட்டர் பக்கத்தில் அண்ணன்.

“இன்னைக்கு வியாழக்கெழம. என் மொறடா.”

சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.