அரைக்கம்பத்துக் கொடியும் ஒரு குறிப்பேடும்

2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் சிற்றூர்ப் பகுதி ஒன்றில், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஆணையர் பதவிக்குப் போட்டியிட்ட ஒரு பெண்மணியிடம் மே முதல் நவம்பர் வரை தேர்தல் பணியாளனாக இருந்தேன். வீடுவீடாகப் போவதற்குக் கைபேசியில் ஒரு செயலி தந்திருந்தார்கள். ஆதரவு, எதிர்ப்பு, முடிவெடுக்காதவர் என்று வாக்காளரின் பெயருக்கு நேரே தொட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடலாம். விடுமுறை நாள்களில் நடக்கும் நினைவுக் கூட்டங்களில் அந்தச் செயலியால் பயனில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே தெரிந்துகொண்டேன்.

அது மெமோரியல் டே, போரில் உயிர்நீத்த வீரர்களை நினைவுகூரும் நாள். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் கல்லறைகளில் பூ வைக்கும் நாளாக 1868 மே 30 அன்று கடைப்பிடிக்கப்பட்டு, 1971 முதல் மே மாதக் கடைசித் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்ட நாள். அந்த ஆண்டு பழைய தேதியும் புதிய கிழமையும் ஒன்றாகவே வந்தன. இந்த வரலாற்றை எல்லாம் படித்துவிட்டுப் போன நான், கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்ற முதியவர் ஒருவருக்குச் சிரித்த முகத்தோடு வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கொடிக்கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நண்பகல் வரை அது அரைக்கம்பத்தில்தான் பறக்கும், தம்பி" என்று மட்டும் சொன்னார். திதி கொடுக்கும் வீட்டுக்குள் நுழைந்து வாழ்த்துச் சொன்னவனின் நிலைதான் எனக்கு. அதைக் கவனித்த வேட்பாளர் தம் சட்டையில் குத்தியிருந்த பிரச்சாரச் சின்னத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, துண்டறிக்கைகளைக் காரிலேயே வைத்துவிட்டு வரும்படி என்னிடம் சொன்னார்.

ஊதுகொம்பு ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகுதான் மக்கள் பேசத் தொடங்கினார்கள். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார், வியட்நாம் போரில் இறந்த தம் அண்ணனின் கல்லறையருகே வைத்த செடிகளுக்கு ஊற்றுவதற்காக, வாசலோரக் குழாயிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தார். நடை தள்ளாடும்போதெல்லாம் தண்ணீர் சிந்தி, கல்லறைக்கு வந்துசேர்வது பாதி வாளிதான். அந்தக் கோடியில் ஒரு குழாய் போட்டால் என்ன என்று அவர் கேட்க, எங்கள் வேட்பாளர் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

திரும்பும் வழியில்தான் நான் சொன்னேன்: அந்தக் கல்லறைத் தோட்டம் டவுன்ஷிப் டிரஸ்டிகளின், அதாவது கவுண்டிக்குள் அடங்கிய சிறு உள்ளாட்சியின் உறுப்பினர்களின், பொறுப்பில் இருப்பது, கவுண்டி ஆணையராக வென்று வந்தாலும் அங்கே குழாய் போடச் சொல்லும் அதிகாரம் இவருக்கு இராது. சிறிது தூரம் பேசாமல் காரை ஓட்டியவர், "அப்படியானால் கல்லறையில் நின்றுகொண்டு பொய் சொல்லியிருக்கிறேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்துத் தம் தவறைச் சொல்லி, டிரஸ்டிகள் அடுத்துக் கூடும் தேதியையும் கொடுத்தார்.

அதன் பின் எங்கள் வேலைமுறை மாறியது. நான் ஒரு சாதாரணக் கோடு போட்ட குறிப்பேடு வாங்கி, ஒவ்வொரு குறைக்கும் எதிரே அது யாருடைய பொறுப்பு என்பதை எழுத ஒரு பத்தி ஒதுக்கினேன். இது எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒஹாயோவின் சாலைகளைக் குறித்து ஒரு மணி நேரம் குறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே சாலை போலத் தோன்றும் தாரில் ஒரு மைல் டவுன்ஷிப்புடையது, அடுத்தது தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் கவுண்டிப் பொறியாளருடையது, அதற்கப்பால் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. குழியில் சக்கரம் இறங்கியவருக்கு இந்த எல்லைகளால் என்ன ஆகப்போகிறது? ஆனாலும் "செய்கிறேன்" என்பதைவிட, "இதை இன்னாரிடம் கேட்க வேண்டும், நானும் கூட வருகிறேன்" என்ற பதிலைத்தான் மக்கள் நம்பினார்கள்.

இப்படிக் கேட்டதில் ஒன்று உடனே பலன் தந்தது. படைவீரர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக மகளுக்கு விடுப்புக் கிடைக்காததால் சிகிச்சை நாள்களைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். ஒஹாயோவின் 88 கவுண்டிகளிலும் முன்னாள் படைவீரர் சேவை ஆணையம் இருப்பதும், மருத்துவப் பயணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்வது அதன் பணிகளில் ஒன்று என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பதவி தேவைப்படவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானதாக இருந்தது.

ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் கூச்சலும் மிட்டாயும்தான் அதிகம். குறிப்பேட்டில் மூன்றே வரிகள் ஏறின. மூன்றும் பட்டாசு பற்றியவை. குறிப்பிட்ட விடுமுறை நாள்களில் பொதுமக்களே பட்டாசு வெடிக்க அனுமதிக்கும் மாநிலச் சட்டம் அந்த ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த நாள்களின் பட்டியலில் தீபாவளியும் இருப்பதைக் கண்டு உள்ளூர மகிழ்ந்திருந்த நான், வெடிச் சத்தம் கேட்டால் போர்முனை நினைவில் நடுங்கும் கணவரைப் பற்றி ஒரு பெண் சொல்லச் சொல்ல எழுதியபோது, அந்த மகிழ்ச்சியை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 8 அன்று நாங்கள் தோற்றோம். என் சம்பளமும் அன்றோடு முடிந்தது. மூன்று நாள் கழித்து, 11ஆம் தேதி முன்னாள் படைவீரர் தினம். போகத்தான் வேண்டுமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவர் காரோடு வந்து நின்றார். பிரச்சாரச் சின்னமோ துண்டறிக்கையோ இல்லாத அந்தக் கூட்டத்தில் வாளி அம்மையாரும் இருந்தார். குளிர் தொடங்கிவிட்டதால் வாசல் குழாயையும் அடைத்துவிட்டார்களாம். புதிய குழாயைப் பற்றி ஏப்ரலில் பார்ப்பதாக டிரஸ்டிகள் சொல்லியிருக்கிறார்களாம். எங்கள் வேட்பாளர் என்னிடமிருந்து குறிப்பேட்டை வாங்கி, மே மாதப் பக்கத்தைத் தேடிப் புரட்டி, அந்த வரிக்கு எதிரே "ஏப்ரல்" என்று எழுதி, தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.