பீபாப் பியானோவின் இடது கை: ஹேக், மார்மரோசா, ஹோப்

1940களில் உருவான பீபாப் என்ற ஜாஸ் பாணியின் காலத்துப் பியானோ கலைஞர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பட் பவலிலும் தெலோனியஸ் மங்கிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மற்றவர்களைப் 'பவலின் வழி வந்தவர்கள்' என்று ஒரே வரியில் அடக்கிவிடுவது வழக்கம். அந்த வரி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கேட்டு மட்டும் முடிவுசெய்ய இயலவில்லை. கையால் வாசித்தும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் ஆல் ஹேக், டோடோ மார்மரோசா, எல்மோ ஹோப் ஆகிய மூவரின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒலிக்கும் இடது கையை மட்டும் கேட்டறிந்து மின்விசைப்பலகையில் வாசித்துப் பழகிவருகிறேன். அதில் இதுவரை எட்டிய இடத்தை எழுதிவைக்கிறேன்.

இடது கையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1940களின் பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடங்களே இடம். சாக்ஸபோனும் டிரம்பெட்டும் தம் பங்கை வாசித்து முடித்த பிறகு பியானோவுக்குக் கிடைப்பது பல நேரங்களில் எட்டு பார் அல்லது பதினாறு பார்தான் (பார் என்பது பெரும்பாலும் நான்கு தாளத் தட்டுகள் கொண்ட ஓர் அளவு). அந்தக் குறுகிய இடத்தில் வலது கை ஓடும் வேகத்தில் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாகவே ஒலிக்கிறார்கள். முந்தைய தலைமுறையினரைப் போலத் தாளத்தை இடது கையால் தாங்கிப்பிடிக்கும் பொறுப்பும் இவர்களுக்கு இல்லை. அதை டபுள் பேஸும் டிரம்ஸும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே இடது கை எங்கே விழவேண்டும், எத்தனை ஸ்வரங்களைத் தொடவேண்டும், எங்கே பேசாமல் இருக்கவேண்டும் என்பவையெல்லாம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டன. ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த விருப்பம்தான் என்பது என் எண்ணம்.

வேலைமுறை எளியது. பதிவின் வேகத்தைச் சுருதி மாறாமல் பாதியாகக் குறைக்கும் செயலியில் இரண்டு பார்களை மட்டும் சுழலவிட்டு, மேல்ஸ்தாயி ஒலிகளைத் தணித்துக் கேட்கிறேன். பழைய தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்ட பிரதிகளில் சுருதி சில சமயம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அப்போது விசைப்பலகையின் பொதுச் சுருதியைச் சிறிது சிறிதாக ஏற்றியோ இறக்கியோ பதிவோடு சேர்த்துக்கொண்ட பிறகே தொடங்குகிறேன். இதைச் செய்யாமல் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, கண்டறிய முயல்வது வீண்வேலை. பேஸும் இடது கையும் ஒன்றாகக் கலங்கிக் கேட்கும் இடங்களில், முதலில் பேஸின் ஸ்வரத்தைப் பாடிப் பார்த்து அதைக் காதிலிருந்து விலக்கிவிட்டால், மிச்சமாக நிற்பது பியானோ.

முதலில் ஆல் ஹேக். 1945 மே மாதம் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் 'சால்ட் பீனட்ஸ்', 'ஹாட் ஹவுஸ்' ஆகியவற்றைப் பதிவுசெய்தபோது பியானோவில் இருந்தவர் அவர். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒன்பதின்மர் குழு 1949 ஜனவரியில் முதன்முறையாகப் பதிவுக்குச் சென்றபோதும் அவரே வாசித்தார். இப்படி முக்கியமான அமர்வுகளில் எல்லாம் இருந்தவரின் பெயர் தட்டின் உறையில் முதலாவதாக அச்சாவது அரிதாகவே நடந்தது. நான் எடுத்துக்கொண்டது 1954இல் பேஸில் பில் குரோவையும் டிரம்ஸில் லீ ஏப்ராம்ஸையும் வைத்துக்கொண்டு அவர் செய்த டிரியோ (மூவர் குழு) பதிவு. ஹேக்கின் இடது கை பெரும்பாலும் இரண்டே ஸ்வரங்களில் நிற்கிறது. மூல ஸ்வரமும் ஏழாவதும், அல்லது மூன்றாவதும் ஏழாவதும். வாசிப்பதற்கு எளிது என்று தோன்றும், விரல்களுக்கு எளிதுதான். ஆனால் அவர் அந்த இரண்டு ஸ்வரங்களையும் ஒரே அழுத்தத்தில், ஒட்டிக்கொள்ளாமல், உடனே விட்டுவிடுகிறார். 'ஆட்டம் இன் நியூயார்க்' போன்ற மெதுவான பாட்டில்கூட மிதிகட்டையின் துணையால் ஒலியை நீட்டி இனிமையைக் கூட்ட அவர் முயல்வதில்லை. நான் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு வாசித்துப் பழகிய பிறகே அந்தத் தெளிவு சிறிதளவு கைக்கு வந்தது. பவலின் இடது கையிலும் இதே இரண்டு ஸ்வரங்கள் உண்டு, ஆனால் அங்கே அவை இடியாக விழும். ஹேக்கைப் பவலின் நிழல் என்று சொல்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டாலே போதும். 1974இல் லண்டனில் பதிவான 'இன்விடேஷன்' தட்டிலும் அதே கட்டுப்பாடு குறையாமல் இருக்கிறது.

மார்மரோசாவிடம் வேலை கடினமானது. 1925இல் பிட்ஸ்பர்கில் பிறந்து, ஆர்ட்டி ஷா, டாமி டார்சி, சார்லி பார்னெட் முதலியோரின் பெருங்குழுக்களில் இளவயதிலேயே வாசித்தவர். 1946 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் டயல் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பார்க்கர் செய்த 'யார்ட்பேர்ட் சூட்', 'ஆர்னிதாலஜி' பதிவுகளில் ஒலிக்கும் பியானோ இவருடையது. டயல் நிறுவனம் ஒரே பாட்டின் பல டேக்குகளை (மீண்டும் மீண்டும் வாசித்துப் பதிவுசெய்த வடிவங்களை) வெளியிட்டது என்னைப் போலப் பழகுபவர்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. 1947 பிப்ரவரியில் பதிவான 'ரிலாக்ஸிங் அட் கமரியோ' பியானோ முன்னிசையோடு தொடங்கும் பன்னிரண்டு பார் புளூஸ். அதன் டேக்குகளை அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றில் மங்கலாக இருக்கும் ஸ்வரம் மற்றொன்றில் தெளிவாகக் கிடைத்துவிடும். அப்படிச் சேர்த்துப் பார்த்ததில் அறிந்தது: மார்மரோசாவின் இரண்டு கைகளும் சமமானவை. மேலைச் செவ்வியல் பயிற்சி பெற்றவருக்கே உரிய விரல் சுதந்திரத்தோடு, இடது கை சில இடங்களில் வலது கைக்கு இணையாக ஓடி, சில இடங்களில் பத்தாவது ஸ்வரம் வரை அகல விரிகிறது. என் கை அந்த அகலத்துக்கு எட்டாது. அதனால் கீழ் ஸ்வரத்தை முதலில் தொட்டு மேல் ஸ்வரத்தை உடனே உருட்டி வாசிக்கிறேன். வேகமான பாட்டில் இது சரிப்படாது என்பதால், 1946இல் ரே பிரவுனோடும் ஜாக்கி மில்ஸோடும் அவர் செய்த 'மெல்லோ மூட்' அளவிலேயே இப்போதைக்கு நின்றிருக்கிறேன். 1940களின் இறுதியில் பிட்ஸ்பர்குக்குத் திரும்பிய அவர், 1961இல் ஆர்கோ இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'டோடோஸ் பேக்' என்ற தட்டைத் தந்தார், 2002இல் காலமானார்.

இம்மூவரில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பவர் எல்மோ ஹோப். 1923இல் நியூயார்க்கில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். பட் பவலின் இளமைக்கால நண்பர். இந்த நட்பே அவருக்குப் பாதகமாகவும் முடிந்தது. 1953இல் பெர்சி ஹீத்தும் ஃபில்லி ஜோ ஜோன்ஸும் உடன் வாசிக்க புளூ நோட் நிறுவனம் அவருடைய டிரியோவைப் பதிவுசெய்தபோதே, அவர் பவலின் சாயல் என்று தள்ளிவைக்கப்படத் தொடங்கிவிட்டார். ஒருவரோடொருவர் சேர்ந்து வளர்ந்தவர்களில் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆண்டுப் பதிவிலேயே ஹோப்பின் இடது கை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

அது முழுமையாக வெளிப்படுவது 1959இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜிம்மி பாண்ட், ஃபிராங்க் பட்லர் இருவரோடும் செய்த டிரியோ தட்டில். அதிலுள்ள 'மைனர் பெர்த்தா' வழக்கமான 32 பாருக்குப் பதிலாக 35 பார் கொண்டது. முதன்மைப் பகுதி ஒவ்வொரு முறையும் ஒன்பது பாராக நீள்கிறது. எட்டில் ஊறிப்போன கை எட்டாவது பாரின் முடிவில் தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பப் பார்க்கும்; அந்த ஒன்பதாவது பாரைப் பொறுமையோடு கடந்தால்தான் பாட்டின் நடை விளங்கும். நான் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி இடது கையை மட்டும் வாசித்தேன். அப்போதுதான் ஒன்று தெளிவானது: ஹோப் கார்டுகளைப் பாரின் முதல் தாளத் தட்டில் வைப்பதைக் கூடியவரை தவிர்க்கிறார். அரைத்தட்டு முன்னாலோ இரண்டாம் தட்டுக்குப் பின்னாலோ விழும் அந்தக் கார்டுகளுக்குள் அடுத்தடுத்த கட்டைகள் இரண்டு உரசிக்கொண்டிருக்கும். தனியாகக் கேட்டால் கரகரப்பாக இருக்கும் அந்த உரசல், வலது கையின் வரி வந்து சேர்ந்ததும் பொருள் பெறுகிறது. 'பார்ஃப்ளை' மெதுவான பாட்டாதலால் இதை அதில் இன்னும் நிதானமாகக் காணலாம். அங்கே அவர் விடும் மௌனங்களையும் எழுதிவைத்தே பழகுகிறேன்.

இப்படிப்பட்டவர் ஏன் பரவலாக அறியப்படவில்லை என்ற கேள்விக்கு, இசைக்கு வெளியே உள்ள காரணங்களே பெரிதாகத் தெரிகின்றன. மது பரிமாறும் விடுதிகளில் வாசிப்பதற்கு நியூயார்க் நகரில் காவல்துறை வழங்கும் காபரே அனுமதி அட்டை அப்போது கட்டாயம். போதைப்பொருள் வழக்கால் அதை இழந்த ஹோப்புக்கு, சொந்த ஊரில் அந்தக் கதவு அடைபட்டது. அதனால்தான் அவர் மேற்குக் கடற்கரைக்குப் போனார். 1961இல் நியூயார்க் திரும்பி ரிவர்சைடு நிறுவனத்துக்குப் பதிவுகள் செய்தார். 1967 மே மாதம் 43 வயதில் காலமானார். அட்டை முறை நீக்கப்பட்டதும் அதே 1967இல்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. நேரில் கேட்டு வளரும் புகழ் அவருக்கு மறுக்கப்பட்டதால், எஞ்சியிருக்கும் தட்டுகளைக் கவனமாகக் கேட்கும் கடமை நமக்குக் கூடுகிறது.

இப்போது 'மைனர் பெர்த்தா'வின் இடது கை முழுவதும், பதிவின் வேகத்தில் முக்கால் பங்கு அளவில் தடங்கலின்றி வருகிறது. வலது கையைச் சேர்க்கும்போது கார்டுகள் மறுபடியும் முதல் தாளத் தட்டை நோக்கி நகர்ந்துவிடுகின்றன என்பதால், முதன்மைப் பகுதியின் ஒன்பது பார்களை மட்டும் இரு கையாலும் தனியே பழகிக்கொண்டிருக்கிறேன். இது படிந்ததும் 1961இல் வந்த 'ஹோப்-ஃபுல்' தட்டுக்குப் போவதாக இருக்கிறேன். அதில் ஹோப் பெரும்பாலும் தனியாகவே வாசிக்கிறார். சில பாட்டுகளில் மட்டும் அவருடைய மனைவியும் பியானோ கலைஞருமான பெர்த்தா ஹோப் உடன் வாசிக்கிறார். பேஸும் டிரம்ஸும் இல்லாத இடத்தில் அந்த இடது கை தாளத்தை எப்படிச் சுமக்கிறது என்பதுதான் அடுத்து நான் பார்க்கவிருப்பது.