ரேடியோ அயோடின்: கேப்சூலுக்கு முன்னும் பின்னும்

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, "அடுத்தது ரேடியோ அயோடின்" என்று கேட்டதும் கலங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடியோ அயோடின் என்பது கதிரியக்க அயோடின்; மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்க அதை கேப்சூலாக விழுங்கக் கொடுப்பார்கள். எனக்கு வந்தது பாப்பிலரி வகை. தைராய்டை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் பரவியிருந்ததால் 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அளவு) என்று முடிவானது. எல்லோருக்கும் இந்த அளவு வேண்டியதில்லை. ஆபத்து குறைந்தவர்களுக்கு 30 மில்லிகியூரியே போதும் என்று பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2012-இல் காட்டின. சிலருக்கு அதுவும் தேவைப்படாது. உங்களுக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வைத்தியத்தின் அடிப்படை எளிது. உடம்பில் அயோடினை இழுத்துச் சேர்த்துவைக்கும் வேலையைத் தைராய்டு செல்கள்தான் பெரிய அளவில் செய்கின்றன. கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அதையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். இதற்குப் பயன்படுத்தும் அயோடின்-131 என்ற வகை வெளிவிடும் பீட்டா கதிர் திசுவுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஆகவே சேதம் பெரும்பாலும் அந்தச் செல்களோடு நின்றுவிடும். 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு அதிகமாகச் சுரந்த நோயாளி ஒருவருக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்துத் தொடங்கிய வழி இது. இந்தியாவில் இந்த அயோடின் மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் தயாராகிறது.

கேப்சூல் விழுங்குவது ஒரு நிமிட வேலை. கஷ்டம் அதற்கு முன்புதான். தைராய்டு செல்களைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையில் 30-க்கு மேல் ஏறினால்தான் மிச்சமிருக்கும் செல்கள் அயோடினை நன்றாக இழுக்கும். அதற்காக, எடுத்துவிட்ட சுரப்பிக்குப் பதிலாகப் போடும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையை ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தாமல் ஊசி போட்டும் ஏற்றலாம். அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசி வாரங்களில் முகம் வீங்கியது, குரல் தடித்தது, வெயிலிலும் குளிர்ந்தது. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் தூக்கம் வந்தது. அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், பணம் சம்பந்தமான முடிவு எதையும் எடுக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மனம் சோர்ந்து அழுகை வந்தால் அதுவும் ஹார்மோன் இல்லாததால்தான்.

கூடவே அயோடின் குறைந்த சாப்பாடு. உடம்பில் சாதாரண அயோடின் குறைந்திருந்தால்தான் செல்கள் கதிரியக்க அயோடினை நன்றாக இழுக்கும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அபூர்வம். கடல் மீன், கருவாடு, இறால், முட்டை மஞ்சள் கரு, பால், தயிர் எல்லாம் விலக்கு. சோறு, மிளகு ரசம், காய்கறி, பழம், கட்டன் சாயா என்று ஓட்டினேன். உப்புதான் பெரிய சிக்கல். அயோடின் கலந்த பாக்கெட் உப்பு கூடாது. எந்த உப்பு வாங்கலாம் என்று மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டோம். ஹோட்டல் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம், பேக்கரிப் பண்டம் எல்லாவற்றிலும் அந்த உப்பு இருக்கும். சிவப்புச் சாயம் போட்ட சில மாத்திரைகளிலும் அயோடின் உண்டு என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அயோடின் மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிவைப்பார்கள்.

இதற்கிடையில் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "மக்களே, அந்த மண்ணுதான் வேலையக் காட்டிட்டு" என்றாள் சித்தி. மணவாளக்குறிச்சிப் பக்கம் மோனசைட் மண் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இதெல்லாம் உண்மை. ஆனால் இதே போன்ற மண் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-இல் ஒரு ஆய்வு வெளியானது. கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடுவதாக அதில் தெரியவில்லை. எனக்கு ஏன் வந்தது என்பதற்கு அந்த ஆய்வு பதில் சொல்லாதுதான். ஆனாலும் மண்ணைக் குறை சொல்லிச் சொல்லியே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

என் பயம் வேறு. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் கலந்து, புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைகளுக்குள் போனதும் இதே அயோடின்-131. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அன்று சிறுவர்களாக இருந்தவர்களிடம் 2005-க்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. எல்லாமே விபத்தால் வந்தவை அல்ல, ஆனால் கணிசமான பங்கு அதனால்தான் என்று கருதுகிறார்கள். எனக்குச் சிகிச்சை நடந்தபோது என் மகன் தவழ்ந்து கொண்டிருந்தான். நான் விழுங்கியது என்னைவிட்டு எங்கே போகும் என்ற கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் அப்படியே கேட்டேன். "அந்தக் குழந்தைகளுக்குப் போனது செல்லைக் கொல்லாமல் கெடுத்துவிடுற அளவு. உங்களுக்குக் கொடுக்கிறது கொல்லுற அளவு. அதனாலதான் உங்ககிட்ட இருக்கிறது குழந்தைக்குப் போகக் கூடாதுன்னு இவ்வளவு கண்டிப்பு" என்றார். யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கர்ப்பமில்லை என்று பரிசோதித்த பிறகே கேப்சூலைக் கொடுத்தார்கள். ஈயக் குடுவையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டு ஊழியர் விலகி நின்றார். அப்புறம் தனி அறை. சாப்பாடு வாசலில் வைக்கப்படும். போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், தினமும் குளிக்கச் சொன்னார்கள். தைராய்டு எடுத்தவர்களுக்கு அயோடினில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். கொஞ்சம் எச்சில் சுரப்பியிலும் சேரும். கன்னம் வீங்கி, நாக்கில் உலோகச் சுவை தட்டியது. எச்சில் சுரக்க வைக்கும் புளிப்பு மிட்டாயை முதல் நாள் கழித்துத் தொடங்கச் சொன்னார்கள். இதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த அறையின் கழிவறைக் குழாய் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் தேக்கிவைத்து, கதிரியக்கம் அனுமதித்த அளவுக்கு இறங்கிய பிறகுதான் வெளியே விடுகிறார்கள். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால் எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். என் கேள்விக்கு இந்தத் தொட்டிதான் பாதி பதில். தினமும் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து என் உடம்பின் கதிர்வீச்சை ஒரு கருவியால் அளப்பார்கள். அது மணிக்கு 50 மைக்ரோசீவர்ட்டுக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே இறங்கினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். எண் இறங்க இறங்க எனக்கும் மூச்சு வந்தது.

வீட்டில் தனி அறை, தனித் தட்டு, தனித் துண்டு. கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். தூரம்தான் பெரிய பாதுகாப்பு: ஒரு மீட்டர் தூரத்திலிருந்து இரண்டு மீட்டர் தூரத்துக்கு விலகினால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகிவிடும். மகனை அம்மா வீட்டில் விட்டிருந்தோம். தாய்ப்பால் சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கவும் கூடாது; அது எனக்கு மிகவும் வலித்தது. வீடியோவில் அவன் கையை நீட்டும்போதெல்லாம் அழுதேன். அவர்கள் சொன்ன நாள் முடியும்வரை தூக்கவில்லை.

சில நாள் கழித்து எடுத்த உடல் முழு ஸ்கேனில் கழுத்தில் மட்டும் அயோடின் தெரிந்தது, நுரையீரலில் இல்லை. தைராய்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன், வீக்கம் மெல்ல வடிந்தது. இப்போது தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் மட்டுமே உண்டாக்கும் புரதம்) பரிசோதனைக்குப் போய்வருகிறேன். அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும். சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்குள் விமானத்தில் போவதாக இருந்தால் மருத்துவமனைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையக் கருவி உங்களைப் பார்த்து ஒலி எழுப்பக்கூடும்.