48 சக்கரமும் ஒரு டைகர் டாங்கும்
மூணு வாரமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரே வேலைதான், ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்க் டைகரோட 1/35 அளவு மாடல் கிட். நேத்துதான் சக்கரங்களை எல்லாம் வெட்டி எடுத்து ஓரம் தேச்சு முடிச்சேன், ஒரு பக்கத்துக்கு 24, மொத்தம் 48! நெசமான டாங்க்லயும் இதே கணக்குதான். 57 டன் எடைய பரப்பித் தாங்கணும்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைச்ச மாதிரி அடுக்கிருக்காங்க, ஆனா ரஷ்யக் குளிர்ல அந்த இடுக்குல சேறு போய் உறைஞ்சா வண்டி நகராது, உள்சக்கரம் ஒண்ணு மாத்தணும்னா முன்னாடி இருக்குறத எல்லாம் கழட்டணும். கையில வச்சு கோக்கும்போதுதான் அந்த மெக்கானிக்குங்க பட்ட பாடு புரியுது.

இனிமே சிம்மெரிட். காந்தக் கண்ணிவெடி ஒட்டாம இருக்க 1943ல இருந்து உடம்பு மேல வரிவரியா பூசுன பூச்சு அது. மாடல்ல பூசுற புட்டிங்கற பசைக் கலவைய மெல்லிசா தடவி, சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால ஒவ்வொரு வரியா அழுத்தணும், காயறதுக்குள்ள முடிக்கணும்.

ஹிட்லர் படையோட வண்டிங்கறத நான் மறக்கல, அதனாலதான் வரலாறயும் சேத்தே படிக்கிறேன். மொத்தமே சுமார் 1,350தான் செஞ்சாங்க, எதிர்ல சோவியத் டாங்க் டி-34 பல்லாயிரம். 1943 ஏப்ரல்ல துனிசியாவுல பிரிட்டிஷ்காரங்க பிடிச்ச டைகர் 131 இன்னிக்கும் இங்கிலாந்து போவிங்டன் மியூசியத்துல ஓடுற நிலைமையில இருக்கு. அத ஒருதடவையாவது நேர்ல பாக்கணும்.